மண்டபத்துப் படத்தை மறுபடியும் மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக், சுங்கை சிப்புட்டில் 1981 முதல் 2019 வரை 38 ஆண்டுகள் கல்யாணக் கார்டு அடித்துப் பிழைத்தவன் நான். இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் என் கையால் அச்சுக்கோத்த கார்டு போகாத வீடு குறைவு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு வாசல் கூடத்தின் சுவரை அழகுபடுத்த நினைத்து, பழைய தோட்ட வாழ்க்கையைக் காட்டும் பொருள்கள் இருந்தால் கொடுங்கள் என்று நிர்வாகத்தினர் பெரியவர்களைக் கேட்டார்கள். ஒருவர் ரப்பர் பால் வெட்டும் கத்தியும் பால் பிடிக்கும் மங்கும் கொடுத்தார். ஓர் அம்மா தன் மாமியார் பால் வாளி சுமந்த காண்டாக் கம்பைக் கொடுத்தார். நான் ஒரு பெட்டி ஈய எழுத்தும், 1980களில் அடித்த கார்டுகள் இருபதும், கூடவே என் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரு படமும் கொடுத்தேன். படத்தின் கீழே ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன்: "லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் வரைந்த ஓவியத்தின் அச்சு. பெண்ணின் அப்பா காசு கொடுக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா பரம்பரைப் பெயர் கொடுக்கிறார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் யாரும் கேட்கவில்லை."

மூன்றாவது வாரமே படத்தைக் காணோம். தேடிப் போனால் சமையல்கட்டில், கேஸ் தோம்புகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருந்தது. கல்யாண வீட்டார் ஒருவர் சண்டைக்கு வந்தாராம். "நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இதென்ன அபசகுனம்? நாலு காசு சேர்த்து, தலைநிமிர்ந்து கல்யாணம் பண்ணுகிறவர்களைக் கேலி பண்ணுகிற மாதிரி இருக்கிறது" என்றாராம். நிர்வாகத்தினர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். "அண்ணே, அது வெள்ளைக்காரன் படம், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். அன்று பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம் எங்களிடம் வந்த கதை. அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். 1966இல் துரை சீமைக்குத் திரும்பியபோது, கப்பலில் ஏற்ற மனமில்லாத சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். தோட்டக்காரருக்கு ஒரு நாற்காலி, ஆயாவுக்குத் தையல் மிஷின், அப்பாவுக்கு இந்தப் படம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாத மனிதர். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். "பரியம் போடுற படம்டா இது. பாரு, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காந்திருக்கு" என்றார். எனக்கு அப்போது 11 வயது. பிற்காலத்தில் புத்தகங்களில் தேடிப் படித்தபோது, அவர் சொன்னதில் பிழை எதுவும் இருக்கவில்லை.

படத்தில் உள்ளதைச் சொல்கிறேன். இடப்பக்கம் ஒரு பிரபு. மூட்டுவாதத்தால் வீங்கிய காலில் கட்டுப் போட்டு முக்காலியில் தூக்கி வைத்திருக்கிறார். அவருடைய ஊன்றுகோலில்கூடக் குட்டிக் கிரீடம் செதுக்கியிருக்கும். ஒரு கை தன் வம்ச மரத்தைக் காட்டுகிறது. அந்த மரம், இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியமின் உடம்பிலிருந்து முளைத்து மேலே போகிறது. சன்னலுக்கு வெளியே அவர் கட்டத் தொடங்கி, பணம் போதாமல் பாதியில் நிற்கும் மாளிகை. எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட வியாபாரி கல்யாண ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கிறார். மேசையில் அவர் கொண்டுவந்த பொற்காசும் நோட்டும் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலுக்குப் பதிலாக, பிரபுவின் கையில் அடமானப் பத்திரம் ஒன்று திரும்பி வருகிறது. வலக்கோடியில் மாப்பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண், மோதிரத்துக்குள் கைக்குட்டையை நுழைத்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதோரம் குனிந்து, பேனாவைச் சீவியபடியே வக்கீல் ஏதோ சொல்கிறான். காலடியில் இரண்டு நாய்கள், ஒரே சங்கிலியில் பிணைத்து விடப்பட்டவை.

அந்தக் கைக்குட்டையைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மோதிரத்தை அவள் விரலில் போடவில்லை. கையில் ஏதோ இருக்கிறது, செய்வதற்கு வேறு ஒன்றுமில்லை என்பதுபோலத் துணியை உள்ளே விட்டு இழுக்கிறாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பாயின் ஓரத்து நாரைப் பிய்த்துக்கொண்டே இருக்கும் பெண்களை நம் வீடுகளில் பார்த்ததில்லையா?

இது ஒரு கதை வரிசையின் முதல் படம். 'மேரேஜ் ஆ-லா-மோட்' என்ற அந்த வரிசையில் ஹோகார்த் ஆறு ஓவியங்கள் வரைந்தார். 1743 வாக்கில் வரைந்து முடித்தார். 1745இல் பிரெஞ்சுச் செதுக்காளர்களைக் கொண்டு செப்புத்தகட்டில் வெட்டி அச்சுப்போட்டு விற்றார். ஆறும் சேர்ந்து ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஓவியத்தை ஒருவர்தான் வாங்க முடியும், அச்சை ஆயிரம் பேர் வாங்கலாம் என்பதைக் கண்டுகொண்ட மனிதர். படங்களைத் திருட்டுத்தனமாக அச்சடித்து விற்றவர்களை எதிர்த்துப் போராடி, 1735இல் அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டு காப்புரிமை தரும் சட்டம் வரக் காரணமாக இருந்தவரும் அவரே. அச்சுத் தொழில் செய்தவன் என்ற முறையில் அந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எங்கள் மகள் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறாள். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் அந்த ஆறு ஓவியங்களும் இருப்பதாகச் சொன்னேன். அங்கே நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு விடுமுறை நாளில் போய் ஆறையும் கைப்பேசியில் எடுத்து அனுப்பினாள். "அப்பா, நம்ம வீட்டுப் படம் தப்பு. இங்கே பிரபு வலப்பக்கம் இருக்கிறார்" என்று பதறினாள். தப்பில்லை. ஓவியத்தைப் பார்த்தபடியே தகட்டில் வெட்டினால், தாளில் விழும்போது இடம் வலமாகும். ஈய எழுத்தைத் தலைகீழாகவும் திருப்பியும் வாசித்துப் பழகிய எங்களுக்கு இது புதிதல்ல. 'ஞ' ஒன்றை மாற்றி வைத்துவிட்டால் பெண்ணின் பெயரே கெட்டுப்போகும் என்பதால், புரூப் எடுக்குமுன் கோப்புச் சட்டத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்த நாள்களும் உண்டு.

ஆறாவது படத்தைக் கைப்பேசியில் விரித்துப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இடையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று குடும்பம் சிதறுகிறது. கணக்குப்பிள்ளை கட்டாத பில்களைக் கை நிறைய எடுத்துக்கொண்டு, தலையில் அடிக்காத குறையாக வெளியேறுகிறார். கடைசியில் வக்கீல் கணவனைக் கொன்று தூக்குக்குப் போகிறான். பெண் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து விஷம் குடிக்கிறாள். ஆறாவது படம் அந்த வியாபாரியின் வீடு. காசுள்ள வீடுதான், ஆனால் மேசையில் இருப்பது அரை வயிற்றுச் சாப்பாடு. எலும்பும் தோலுமான நாய் ஒன்று அதையும் இழுத்துக்கொண்டு போகிறது. நாற்காலியில் பெண் செத்துக்கொண்டிருக்கிறாள். காலில் இரும்புப் பட்டை கட்டிய நோயாளிக் குழந்தையை ஆயா தூக்கி, தாயின் கன்னத்தில் முத்தம் கொடுக்க வைக்கிறாள். அதே நேரத்தில் அப்பா மகளின் கையைப் பிடித்திருக்கிறார். நாடி பார்க்கவில்லை. விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுகிறார். தற்கொலை செய்துகொண்டவர்களின் சொத்து அரசுக்குப் போய்விடும் என்பது அந்நாளைய இங்கிலாந்துச் சட்டம். அதனால் அவருக்கு அவசரம்.

எங்கள் அக்காவின் கல்யாணம் 1973இல் நடந்தது. மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், வீட்டுப் பிள்ளை. தொழிலாளர் லயத்துக் கூரைக்குக் கீழே பிறந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கிராணி வீடு என்றால் எட்டாத உயரம். அவர்கள் வாயைத் திறந்து வரதட்சணை கேட்கவில்லை. "எங்க வீட்டுக்குத் தகுந்த மாதிரி செஞ்சிடுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அப்பா இரண்டு பசுமாட்டை விற்றார். கூட்டுச் சீட்டுப் பணத்தை முதல் மாதமே தள்ளி எடுத்தார். மளிகைக்கடையில் கடன் சொன்னார். எட்டு பவுன் போட்டார்கள். துரை பங்களாவில் வெள்ளித் தட்டைத் துடைத்த கைகள் சம்பந்தியின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கியதை இன்றும் என் கண் பார்க்கிறது.

அந்தப் பிள்ளைக்கு ஈப்போவில் குதிரைப் பந்தயப் பழக்கம். இரண்டு ஆண்டில் அக்கா கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். மளிகைக்கடைக்காரர் ஒருநாள் வாசலில் வந்து நின்றபோது, அப்பா உள்ளே வந்து அக்காவின் முன் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார். அக்கா கழுத்தில் மிச்சமிருந்த சங்கிலியைக் கழற்றக் கொக்கி வரவில்லை. அப்பாவே எழுந்து பின்னால் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நகத்தால் கொக்கியை நெம்பிக் கழற்றினார். அடகுக்கடைக்கு என்னைத்தான் அனுப்பினார். அவர் தலைக்கு மேலே இந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. பிரபுவும் வியாபாரியும் கணக்குப் பார்க்கும் படம். ஆறாவது ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது.

அப்பா கெட்டவர் இல்லை. ஹோகார்த் வரைந்த வியாபாரிபோல் கஞ்சரும் இல்லை. மகளை ஒரு படி மேலே ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்தவர், அவ்வளவுதான். அதனால்தான் வெள்ளைக்காரன் படம் என்று யாராவது ஒதுக்கினால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். வரதட்சணை என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் இங்கே குறைந்துவிட்டார்கள், உண்மை. செலவு குறைந்ததா? 1980களில் கார்டு எடுக்க வருகிற அப்பா நூறு, நூற்றைம்பது கார்டு கேட்பார். பிள்ளையார் படம் போட்ட மஞ்சள் கார்டு, ஒன்று முப்பது காசு. கடையை மூடுமுன் வந்தவர்கள் ஆயிரத்துக்குக் குறைத்துக் கேட்கவில்லை. வெல்வெட் அட்டை, தங்க எழுத்து, பெட்டிக்குள் வைத்த கார்டு. பெயர் வரிசைதான் பெரிய போராட்டம். மேலே யாருடைய பட்டம் வர வேண்டும், டத்தோ எங்கே, பி.ஜே.கே. எங்கே, எந்தச் சித்தப்பா எந்தப் பக்கம் என்று இரு வீட்டாரும் என் மேசையின் இரு பக்கமும் நின்று பேசுவார்கள். மணமக்கள் பெயரைவிடப் பட்டங்களுக்குப் பெரிய எழுத்துக் கேட்டவர்களுக்கும் கோத்துக் கொடுத்திருக்கிறேன். நார்மண்டி வில்லியமிலிருந்து முளைக்கும் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கார்டுகளின் மேல்பாதிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

லோரி ஓட்டும் ஒருவர் மகளுக்குக் கார்டு எடுக்க வந்தார். மாதிரிப் புத்தகத்தில் மலிவான தாளின் மேல் கட்டைவிரலை வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். கூட வந்த உறவுக்காரர் "அவங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்க" என்றார். விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது. நான் வாயைத் திறந்து, "அண்ணே, முதல் தாளே போதும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு ரசீது எழுதினேன். மீதியை அவர் பதினான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கட்டினார். அதற்குள் மகள் வீட்டோடு வந்துவிட்டாள் என்பதைக் கடைசித் தவணையன்றுதான் சொன்னார். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இன்று மேடை அலங்காரத்துக்கு ஒரு தொகை, ட்ரோன் படத்துக்கு ஒரு தொகை, முதல்நாள் மருதாணி இரவுக்கு ஒரு தொகை. வங்கியில் தனிநபர் கடன், அது போதாவிட்டால் கந்துவட்டிக்கு விடும் ஆலோங். ஐம்பது வயதில் சேமநிதியில் எடுக்கக்கூடிய பணம் அப்படியே மண்டபத்துக்குப் போகிறது. பிள்ளைகளின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. என் மகள் கல்யாணத்துக்கும் நாதஸ்வரம் வைத்தேன், நல்ல சாப்பாடு போட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் தொடங்கும் மாதத் தவணையைப் பற்றி மட்டும் மணமேடை பேசும் எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. கணக்கை வரிவரியாகப் படிக்க ஒரு வியாபாரியாவது அந்தப் படத்து மேசையில் இருக்கிறார்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் காசின் அருமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையிழந்து நம் சனம் நடுத்தெருவில் நின்றபோது, இங்கே பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கின. அம்மா அந்தச் சங்கப் புத்தகத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். ஒரு தலைமுறை பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியது. அந்தப் பேரப்பிள்ளைகள் ஓர் இரவு மின்விளக்குச் சுவருக்குப் பத்தாயிரம் கடன் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அபசகுனம் என்றார்கள். மண்டபத்து வாசலில் கண்திருஷ்டிக்கு அகோர முகம் கட்டுகிறோம், அதைப் பார்த்து யாரும் கல்யாணத்தை நிறுத்துவதில்லை. கேலி என்றார்கள். இந்தப் படங்களுக்கு 1743இல் ஹோகார்த் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தபோதே, இதில் வரும் எவரும் குறிப்பிட்ட ஓர் ஆளைச் சுட்டமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார். சிரிப்பு யார் மேல் விழ வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. அவருடைய அப்பா ஓர் ஆசிரியர். தொழிலில் நொடித்து, கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர். கடன் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்த பிள்ளை வரைந்த படம் அது. அந்தக் கையில் எனக்கு ஏளனம் தெரியவில்லை, வலிதான் தெரிகிறது.

பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்துபோன காலத்திலிருந்து ஆடம்பரக் கல்யாணம் வேண்டாம் என்று மேடை போட்டுச் சொல்லிவந்திருக்கிறோம். மேடைப் பேச்சு காதோடு போய்விட்டது. ஒரு படம் அப்படிப் போகாது. பந்திக்குக் காத்திருக்கும் ஒரு பெண் அதன்முன் நிற்பாள். கைக்குட்டையைப் பார்ப்பாள். தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றினாலும் தோன்றும். என் அக்காவுக்கு 19 வயதில் அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஹோகார்த் காலத்து அச்சு என்றெல்லாம் நான் சொல்லிக்கொள்ளவில்லை, பிறகு வந்த மலிவுப் பதிப்பாகவே இருக்கும். விலைக்காகவும் எழுதவில்லை. கண்ணாடி மாற்றி, பின்னட்டையில் கரையான் ஏறாமல் இருக்க எண்ணெய் பூசிவைத்திருக்கிறேன். மண்டப நிர்வாகத்தினர் நல்லவர்கள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்களுக்கு இலவசமாக இடம் கொடுப்பவர்கள். அவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். மணமேடைக்குப் பக்கத்தில் வேண்டாம், வாசல் கூடத்தில் மங்குக்கும் காண்டாவுக்கும் பக்கத்தில் அதே இடத்தில் மாட்டுங்கள். கீழே உள்ள சீட்டு உறுத்துகிறது என்றால் அதை எடுத்துவிடுகிறேன். படத்துக்கு அது தேவையில்லை, என் அப்பா சீட்டு இல்லாமலேயே படித்தார். மற்ற ஐந்து படங்களையும் மகள் நல்ல தாளில் அடித்து அனுப்பச் சம்மதித்திருக்கிறாள். ஆறாவதை மட்டும் உள்ளே, சம்பந்திகள் கணக்குப் பேசும் அலுவலக அறையில் மாட்ட அனுமதி கேட்கிறேன். சட்டம் போடும் செலவு என்னுடையது. ஏணியும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.